குட்டிக் கெல்லரை அடைக்க வந்தவர்

அவரை நான் முதலில் கண்டது ஒரு தமிழ்க் கடையில். முருங்கைக்காய்ப் பெட்டிக்கும் அரிசி மூட்டைகளுக்கும் நடுவே ஐந்தாறு பேர் நின்றிருந்தோம். கடைக்காரர் பின்னறைக் கதவைத் திறந்துவிட்டு, "ஒருத்தரும் அசையாதேங்கோ" என்றார். உள்ளே இருந்து ஒரு பெரிய எலி சுவரோடு ஒட்டிக்கொண்டு ஓடி வந்தது. அதற்குப் பின்னால் ஒரு பெண். ஐம்பது வயது இருக்கும். கட்டையான உருவம், நீல வேலைச் சட்டை, கையில் மண் அள்ளுகிற சவள். அவர் ஓடவில்லை. எலி எங்கே திரும்பும் என்று முன்பே தெரிந்தவராக இரண்டு அடி விலகி நின்று சவளை இறக்கினார். ஒரே இறக்கு. எலி இரண்டு துண்டாகிவிட்டது. இரத்தம் என் சப்பாத்து வரைக்கும் தெறித்தது.

மேசையில் கிடந்த கோயில் நோட்டீசை எடுத்து, சாமிப் படம் இல்லாத பக்கத்தைப் பார்த்துக் கிழித்து, சவளின் விளிம்பைத் துடைத்தார். பிறகு கடைக்காரரைப் பார்த்து, "முருங்கைக்காய் எண்டைக்கு வந்தது?" என்று கேட்டார்.

"வியாழக்கிழமை அக்கா."

"பொய் சொல்லாதேங்கோ. வியாழன் வந்தது இப்பிடி வாடாது."

முகத்துக்கு முன்னால் எல்லோருக்கும் அவர் அக்கா. முதுகுக்குப் பின்னால் எலியக்கா. ஜெர்மனியின் பான் நகரத்தைச் சுற்றி உள்ள ஊர்களில் வீடு வாங்கிய தமிழர்கள் பலருடைய கூரைக்கும் தரைக்கும் இடையில் என்ன ஓடியது என்பது அவருக்குத் தெரியும். பூச்சி, எலி, பறவை என்று வீட்டுக்குள் நுழைகிற எல்லாவற்றையும் வெளியேற்றி, வந்த வழியை அடைத்துக் கொடுப்பதுதான் அவருடைய தொழில். நாற்பது வயதுக்கு மேல் ஜெர்மன் பிள்ளைகளோடு வகுப்பில் இருந்து அதற்கு அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி முடித்தவர். அந்தச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, தான் ஓட்டுகிற வானின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்திருப்பார்.

"இந்த நாட்டில எலியைக் கொல்லவும் பேப்பர் வேணும் தம்பி," என்று பின்னாளில் என் வீட்டு வாசலில் நின்று சொன்னார். "மனிசரை அடிக்கிறதுக்குத்தான் ஒரு பேப்பரும் கேக்கிறேல்லை."

நான் சிரித்தேன். நல்ல பகிடி என்று நினைத்தேன்.

நஞ்சு அவருக்குப் பிடிக்காது. நஞ்சு தின்ற எலி கண்காணாத இடத்தில் போய்ச் சாகும், சுவருக்குள் கிடந்து நாறும் என்பார். பொறி, சவள், கையுறை, இவ்வளவுதான். பொறியில் பாதி அகப்பட்டுத் துடிக்கிறதைக் கையால் எடுத்துக் கழுத்தை முறிப்பார். பேச்சு நிற்காது. பிள்ளையின் பள்ளிக்கூடம் எப்படிப் போகிறது என்று ஒரு தாயிடம் கேட்டுக்கொண்டே ஒருமுறை அதைச் செய்தாராம். அந்தத் தாய் வாந்தி எடுத்துவிட்டாள்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. உள்ளே உயிர் இருக்கும்போது ஓட்டையை அடைக்க மாட்டார். எல்லா வழியையும் மூடி ஒன்றை மட்டும் திறந்து விடுவார். வழிகளில் கோதுமை மாவைத் தூவி வைத்து, சில நாட்கள் கழித்து வந்து குந்தியிருந்து டோர்ச் அடித்துப் பார்ப்பார். மாவில் உள்ள தடத்தைப் பார்த்து, "மூண்டு. ஒண்டு பெருசு. ஒண்டு வாலை இழுத்துக்கொண்டு போகுது. ஒண்டு குட்டி" என்று வாசிப்பார். உள்ளே இருந்தவை வெளியே போன தடம் விழுந்து, திரும்பி வந்த தடம் இல்லை என்று கண்டால்தான் கம்பி வலையும் சீமெந்தும் வரும். போக மறுத்து உள்ளே நின்றதைச் சவள் பார்த்துக்கொள்ளும்.

"போறதைப் போக விட்டுத்தான் அடைக்கவேணும்." இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாரோ தெரியாது. கோயில் தலைவருக்கு நிச்சயம் சொன்னார், அந்த மனிதர் கேட்கவில்லை.

எங்கள் கோயில் தொழிற்சாலைகளுக்கு நடுவே ஒரு பழைய கிடங்கில் இருக்கிறது. அதன் மரத்தரைக்கு அடியில் ஒரு வசந்த காலத்தில் மார்டர் குடிவந்தது. மார்டர் என்பது எங்களூர் மரநாய்க்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஒரு மிருகம், பூனை அளவு இருக்கும், பல் பொல்லாதது. குட்டி போட்டிருக்கிறது, ஆறு கிழமை பொறுங்கள் என்றார் அக்கா. திருவிழாவுக்குப் பதினாலு நாள், இரண்டு கிழமைதான் இருந்தது. தலைவர் கடையில் இடுக்கு அடைக்கிற நுரை டப்பா வாங்கி வந்து, தாய் வெளியே போன நேரம் பார்த்து எல்லா இடுக்கையும் தானே நுரை அடித்து மூடிவிட்டார். அன்று முழுக்க அவர் முகத்தில் ஒரு பெருமிதம். தாய் திரும்பி வந்து மூன்று நாள் சுவரைப் பிறாண்டியது. நகம் பிய்ந்து சுவரெல்லாம் இரத்தக் கோடு. தலைவருடைய காரின் வயர்களை ஒன்று விடாமல் கடித்து அறுத்தது. கொடியேற்றத்தன்று அபிஷேகப் பாலின் மணத்தையும் மீறித் தரைக்கு அடியிலிருந்து பிண நாற்றம் வந்தது. ஐயர் வேட்டித் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு மந்திரம் சொன்னார்.

அக்காவைக் கூப்பிட்டார்கள். அவர் தரைப் பலகையை உடைத்து உள்ளே கை விட்டு நான்கு குட்டிகளை எடுத்தார். ஊதிப் போய்க் கிடந்தன. அவற்றை வாசலுக்குக் கொண்டுபோய், பட்டு உடுத்த சனம் பார்த்துக்கொண்டு நிற்க, தலைவருடைய காரின் மேல் வரிசையாக அடுக்கினார்.

"இது உங்கட கணக்கு அண்ணை," என்றார். "நீங்களே குழி வெட்டித் தாட்டுவிடுங்கோ."

தலைவர் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னார். அக்கா கையுறையைக் கழற்றாமலே அவர் கன்னத்தில் ஒன்று வைத்தார். அதன் பிறகு அக்காவைக் கோயிலில் காணவில்லை. ஆனால் கோயிலுக்குப் போகிற ஆண்கள் அவரைப் பற்றிக் கதைக்காத நாளும் இல்லை. புருஷனின் கையை இதே சவளால் முறித்துவிட்டு வந்தவள் என்று ஒருவர் சொன்னார். உண்மையோ பொய்யோ, நான் நம்பினேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம், அந்த மனிசியோடு உனக்குக் கதை வேண்டாம் என்று சொல்லி வைத்தேன்.

இனி என்னைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் மனைவிக்குக் கை நீட்டுகிறவனாக இருந்தேன். கை நீட்டுவது என்று எழுதுவதும் பூசி மெழுகுவதுதான். அடித்தேன். கதவுக்கும் நிலைக்கும் நடுவே அவள் விரல் இருப்பது தெரிந்தே ஒருமுறை கதவை அறைந்து சாத்தினேன். அந்த விரல் பிறகு நேராகவில்லை. நான் குடிப்பவன் இல்லை, ஆகவே குடியைக் குற்றம் சொல்லவும் வழி இல்லை. வெள்ளிக்கிழமை மச்சம் மாமிசம் தொடமாட்டேன், சனிக்கிழமை விரதம். எட்டு வயது மகளை ஒருநாளும் தொட்டதில்லை என்று பின்னாளில் கோர்ட்டில் சொன்னேன். நீதிபதி எழுதிக்கொண்டே, "அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்" என்றார். அவர் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை.

அக்கா என் வீட்டுக்கு வந்துபோன மூன்று கிழமையும் மனைவியும் மகளும் வெளியே போக வழி பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் தெரியாது.

எங்களுடையது பழைய வீடு. முன்பாதிக்குக் கீழே நல்ல நிலவறை உண்டு. இங்கே எங்கள் சனம் அதைக் கெல்லர் என்றே சொல்லும். பின்னால் கட்டிச் சேர்த்த பகுதிக்குக் கீழே முழுக் கெல்லர் கிடையாது. முழங்காலும் கையும் ஊன்றித் தவழ்ந்து போகிற உயரத்தில் ஒரு பள்ளம், மண் தரை. அதற்குக் குட்டிக் கெல்லர் என்று பெயர் வைத்திருந்தோம். சாமான் அறையின் தரையில் ஒரு பலகைக் கதவு, தோட்டத்துப் பக்கச் சுவரில் காற்றுப் போக இரண்டு துவாரம். வீடு வாங்கிய நாளிலிருந்து அந்தப் பலகைக் கதவை நான் தூக்கியதில்லை. ஊரில் சின்ன வயதில், குண்டுக்குப் பதுங்குகிற பங்கருக்குள் ஒரு முழுப் பகல் மண் சரிந்து மூடிக் கிடந்தேன். அதிலிருந்து தாழ்ந்த கூரை கண்டால் எனக்கு மூச்சு நின்றுவிடும். இது மனைவிக்குத் தெரியும்.

எனக்குக் கோபம் ஏறும் நாட்களில் மனைவியும் மகளும் திடீரென்று வீட்டில் இருக்க மாட்டார்கள். அடுத்த வீட்டுப் போலந்துக்காரியிடம் போய் ஒளிகிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். ஒருமுறை அவளுடைய மணியை அடித்துக் கேட்டேன். இல்லை என்றாள். பொய் சொல்கிறாள் என்று அவளையும் திட்டிவிட்டு வந்தேன். இரண்டு மூன்று மணி நேரத்தில் இருவரும் திரும்பி வந்து, ஒன்றும் நடக்காதது போல் ஆளுக்கொரு வேலை பார்ப்பார்கள். எனக்கும் அதற்குள் கோபம் ஆறியிருக்கும். எங்கே போனீர்கள் என்று நான் கேட்டதில்லை.

அம்மா செத்த பிறகு சனிக்கிழமை தோறும் காகத்துக்குச் சோறு வைத்தேன். எள்ளுப் போட்டுப் பிசைந்து, பின்சுவரோரம் காற்றுத் துவாரத்துக்குப் பக்கத்தில், ஒரு தட்டில். இந்த நாட்டுக் காகம் கூப்பிட்டால் வருகிற சாதி இல்லை, ஆனாலும் பின்னேரம் போய்ப் பார்த்தால் தட்டு வழித்துத் துடைத்த மாதிரி இருக்கும். அம்மா வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறா என்று மனம் நிறைந்துபோகும். போலந்துக்காரி முறைப்பாடு கொடுத்து, நகரசபையிலிருந்து கடிதம் வந்தது. உங்கள் சுவரோரம் எலி நடமாட்டம் இருக்கிறது, ஐந்து கிழமைக்குள் ஆளை வைத்து அகற்றி, அத்தாட்சி அனுப்புங்கள் என்று. வேறு யாரும் உடனே வருவதற்கு நாள் குறித்து டெர்மின் தரவில்லை. அக்காவைக் கூப்பிட்டேன்.

வந்தவர் முதலில் அந்தத் தட்டைத்தான் பார்த்தார்.

"இது ஆருக்கு?"

"காகத்துக்கு அக்கா. அம்மாவை நினைச்சு வைக்கிறது."

"காகம் திண்டதைக் கண்டனீங்களோ?"

"தட்டு வெறுமையாத்தானே கிடக்குது."

அவர் தட்டின் விளிம்பிலிருந்து கறுப்பாக இரண்டு மூன்றை விரலால் நுள்ளி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "இதென்ன, காகம் போட்டதோ?"

எலிப் புழுக்கை. கையை உதறினேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தட்டைச் சுவரில் அடித்து உடைத்தேன். அக்கா அந்தத் துண்டுகளைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்தார்.

பிறகு தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு குட்டிக் கெல்லருக்குள் இறங்கினார். ஐந்து நிமிஷ வேலை என்றவர் அரைமணி நேரம் கழித்து வெளியே வந்தார். சாமான் அறையில் நின்று எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மனைவியின் வளைந்த விரலைப் பார்த்தார். மகளின் இடது காலில் சுற்றியிருந்த கட்டைப் பார்த்தார்.

"பிள்ளைக்குக் காலில என்ன?"

"கண்ணாடி குத்தினது," என்றாள் மனைவி. எனக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தாள்.

அக்கா குந்தியிருந்து, கட்டை மெல்ல விலக்கிப் பார்த்து, திரும்பச் சுற்றிவிட்டார். "ஓம், கண்ணாடிதான்" என்றார். பிறகு மனைவியைப் பார்த்து, "ஒரு சுண்டு மா தாங்கோ பிள்ளை," என்றார்.

"இண்டைக்கே எல்லாத்தையும் அடைச்சுவிடுங்கோ அக்கா," என்றேன் நான்.

"அது ஏலாது. உள்ளுக்க உயிர் இருக்கு. போறதைப் போக விட்டுத்தான் அடைக்கவேணும். மூண்டு கிழமை வேணும்."

பிறகு இரண்டு நாளைக்கு ஒருமுறை வந்தார். வரும்போதெல்லாம் நான் பார்சல் கிடங்கில் வேலையில் இருப்பேன். திரும்பி வந்தால் தோட்டத்தில் ஒரு வாளி நிற்கும். உள்ளே நசுங்கிய எலிகள் கிடக்கும், மண்டை தனியாக, உடல் தனியாக. வீட்டுக்காரர் பார்க்க வேண்டும் என்று விட்டுப் போவாராம். ஒருநாள் மேசையில் இரண்டு தேத்தண்ணிக் கோப்பை இருந்தது.

"ஆரோட இருந்து குடிச்சனீ?"

"அக்கா களைச்சுப் போயிருந்தவ," என்றாள்.

அன்று அடிக்கவில்லை. அதை ஒரு பெருந்தன்மையாக நினைத்துக்கொண்டு படுத்தேன் என்பதை இன்று எழுதவே கூசுகிறது.

இரண்டாம் சனிக்கிழமை அதற்கும் சேர்த்து நடந்தது. நான் முழுகிவிட்டு வந்து பார்க்கிறேன், காகத்துக்குத் தட்டும் எள்ளும் எடுத்து வைக்கவில்லை.

"அக்கா வைக்க வேண்டாமெண்டவ," என்றாள். "எலி வரும் எண்டு."

"இந்த வீட்டில ஆர் சொல்லுறது நடக்கும்?"

அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. பானையோடு தூக்கி எறிந்தேன். கஞ்சி அவள் முழங்கைக்குக் கீழே விழுந்து தோல் உடனே சிவந்து பொங்கியது. அவள் சத்தம் போடவில்லை, அது என் கோபத்தை இன்னும் ஏற்றியது. நான் வேறு எதையோ எறிய எடுத்துத் திரும்புவதற்குள் அவளும் இல்லை, மகளும் இல்லை. வீடு முழுக்க நடந்தேன். அலுமாரிகளைத் திறந்தேன். கதவுகளை உதைத்தேன். சாமான் அறையில் நின்று மகளின் பெயரைச் சொல்லிக் கத்தினேன். போலந்துக்காரியின் வீட்டு முன்னால் போய் நின்றேன், அவள் யன்னல் திரையை இழுத்து மூடினாள். பின்னேரம் இருவரும் சமையலறையில் நின்றார்கள். மனைவியின் தலைமயிரில் சிலந்தி வலை ஒட்டியிருந்தது. கண்டேன், கேட்கவில்லை.

கடைசி நாள் ஒரு புதன்கிழமை. பள்ளிக்கூடத்துக்கு இலையுதிர்கால விடுமுறை, மகள் வீட்டில் இருந்தாள். எனக்கும் லீவு. அக்கா காலையிலேயே வந்து தோட்டத்துப் பக்கத் துவாரங்கள் இரண்டுக்கும் கம்பி வலை அடித்துச் சீமெந்து பூசிவிட்டு உள்ளே வந்தார்.

"முடிஞ்சுது தம்பி. மொத்தம் ஒன்பது. அதில எட்டுத்தான் நான் அடிச்சது."

"மற்றது?"

"மற்றது வேற ஆள். இனி நீங்கள் ஒருக்கா உள்ளுக்க போய்ப் பாக்கவேணும். வீட்டுக்காரர் பாத்துக் கையெழுத்து வைச்சால்தான் நான் இந்தக் கதவை அடைப்பன்."

"எனக்கு அதுக்குள்ள போக ஏலாது அக்கா."

"ஏன், பயமோ?"

நான் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். புண்ணில் துணி சுற்றிக்கொண்டு கதவோரம் நின்றாள். "போய்ப் பாருங்கோ," என்றாள். கலியாணம் முடித்துப் பத்து வருஷத்தில் அவள் எனக்கு ஏதும் செய்யச் சொன்னது அது முதல் தடவை. அவளுக்கு முன்னால் பயந்தவனாக நிற்க எனக்கு முடியவில்லை. விளக்கை வாங்கித் தலையில் கட்டிக்கொண்டு இறங்கினேன்.

முதல் இரண்டு முழத்திலேயே மூச்சு முட்டியது. கண்ணை மூடிக்கொண்டு தவழ்ந்தேன். கை ஏதோ மெத்தென்ற ஒன்றில் பட்டது. திறந்து பார்த்தால், கூடாரத்துக்குப் போகிறவர்கள் விரிக்கிற மெத்தை. அதன் மேல் மகளின் பூப்போட்ட போர்வை, தொலைந்துவிட்டது என்று சொல்லி நான் திட்டிய அதே போர்வை. ஒரு தண்ணீர்ப் போத்தல். பிஸ்கட் டப்பா, எலி திறக்காதபடி மேலே ஒரு கல். ஜெர்மன் பாடக் கொப்பி ஒன்று, பென்சிலோடு. பக்கத்தில் அக்காவின் வானில் நான் கண்டிருந்த சின்னச் சவள். அதன் விளிம்பில் எலி மயிரும் காய்ந்த இரத்தமும். மனைவியும் மகளும் ஒளிந்த இடம் இதுதான் என்றும், ஒன்பதாவது எலியை அடித்தது அவர்களில் ஒருத்தி என்றும் அப்போதுதான் விளங்கியது.

போர்வைக்கு அடியில் ஒரு சின்னக் காலுறை கிடந்தது. கறுத்த இரத்தக் கறை. விரல் வருகிற இடத்தில் பல் பதிந்து கிழிந்திருந்தது.

கண்ணாடி குத்தவில்லை. நான் வைத்த சோற்றைத் தின்ன வந்த எலி என் பிள்ளையைக் கடித்திருக்கிறது. கடித்தபோதும் அவள் கத்தவில்லை, கத்தியிருந்தால் எனக்குக் கேட்டிருக்கும். நான் அப்போது மேலே அவளைத் தேடிக்கொண்டு நடந்திருப்பேன்.

அந்த நேரத்தில் பின்னால் பலகைக் கதவு விழுந்து மூடியது.

நான் திரும்பித் தவழ்ந்து கதவை அடித்தேன். தலை கூரைக் கட்டையில் மோதி நெற்றி வெடித்து இரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. நகத்தால் பலகையைப் பிறாண்டினேன். என்ன சொல்லிக் கத்தினேன் என்று நினைவில்லை, நல்ல வார்த்தையாக இருந்திருக்காது. மேலே ஏதோ பாரமாக வந்து அமர்ந்தது. அக்காவின் குரல் பலகைக்கு அந்தப் பக்கம், மிகக் கிட்டத்தில் கேட்டது.

"சத்தம் போடாதேங்கோ தம்பி. மேல ஆக்கள் நடக்கினம். கேளுங்கோ."

கேட்டேன். மேலே நடப்பது கீழே எப்படிக் கேட்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. எல்லாம் கேட்கிறது. யார் நடக்கிறார்கள், எந்த அறையில், எந்தப் பக்கம் திரும்புகிறார்கள், எல்லாம். மனைவியின் நடை படுக்கையறைக்கும் கூடத்துக்குமாக இரண்டு தரம் போய் வந்தது. மகளின் நடை, இடது காலை மெல்ல ஊன்றி. சூட்கேஸ் சில்லு நிலைப்படியில் ஒருமுறை இடறியது. மகள் சாமான் அறைக்குள் வந்து எனக்கு மேலே நின்றாள்.

"அக்கா, என்ர கொப்பி கீழ கிடக்கு," என்றாள்.

"வேற வாங்கலாம் பிள்ளை. போங்கோ."

அவள் போய்விட்டாள். கார்க் கதவு இரண்டு தரம் சாத்தியது. அந்தக் காரை ஓட்டி வந்தவள் போலந்துக்காரி என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

கதவின் மேலிருந்த பாரம் எழுந்தது. அக்கா சமையலறை வரைக்கும் போய்த் திரும்பி வந்தார், வேலைச் சப்பாத்தோடு, பலகை அதிர, நேராக என் முகத்துக்கு மேலே. மண் உதிர்ந்து கண்ணில் விழுந்தது. வேண்டுமென்றுதான் அப்படி நடந்தாரா, தெரியாது. நான் என்னை அறியாமல் அந்த மெத்தையில் சுருண்டு, வாயைக் கையால் பொத்திக்கொண்டு, மூச்சை அடக்கிக் கிடந்தேன். எனக்குப் பயமாக இருந்தது. அது பங்கர் பயம் இல்லை. அப்படி அதிர நடக்கிறவன் இந்த வீட்டில் ஒருவன்தான் இருந்தான், அவனுக்குத்தான் பயந்தேன்.

கதவு திறந்தது. அக்கா சவளோடு நின்றார். "வாங்கோ. இனி அடைக்கலாம்."

வாசலுக்கு ஓடினேன். தெரு வெறுமையாக இருந்தது. திரும்பி வந்தேன், கை தானாக ஓங்கியது. அவ்வளவையும் கண்ட பிறகும் ஓங்கியது. அக்கா பின்வாங்கவில்லை. சவளைத் திருப்பி, தட்டைப் பக்கத்தால் என் இடது முழங்காலுக்குக் கீழே போட்டார். விழுந்தேன். எலும்பு உடையவில்லை. உடைக்க நினைத்திருந்தால் உடைத்திருப்பார்.

"நான்தான் அடிச்சனான் எண்டு பொலிசுக்குச் சொல்லுங்கோ," என்றார். "விலாசம் தாறன்."

சொல்லவில்லை. டொக்டரிடமும் படியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னேன். அந்தப் பொய் வாயில் வரும்போதே, இதே டொக்டரிடம் இதே பொய்யை மனைவி எத்தனை தரம் சொல்லியிருக்கிறாள் என்று எண்ணிப் பார்த்தேன். அவர் என்னை நிமிர்ந்தும் பார்க்காமல் எழுதிக்கொண்டார்.

நான் தரையில் கிடக்கவே அக்கா பலகைக் கதவுக்கு இரும்புச் சட்டம் வைத்து ஆணி இறுக்கினார். பிறகு சமையலறையில் மா டப்பாவை எடுத்துவந்து, சாமான் அறை, கூடம், முன்கதவடி வரைக்கும் மெல்லிதாகத் தூவினார்.

"ஒரு கிழமைக்குக் கூட்டாதேங்கோ. வந்து பாக்கிறன்."

"அவையள் எங்க அக்கா?"

"அது நான் சொல்ல ஏலாது."

அவர்கள் போனது பெண்கள் காப்பகத்துக்கு. பிறகு கோர்ட், கடிதங்கள். அடிக்கிற ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து பேசுகிற வகுப்பு ஒன்றுக்கு ஒரு வருஷம் போனேன். மகளை இரண்டு கிழமைக்கு ஒருமுறை, ஒரு அலுவலகப் பெண் பக்கத்தில் இருக்கப் பார்க்க விட்டார்கள். இப்போது அவளுக்குப் பதினாலு வயது. தனியாக வருகிறாள். நாங்கள் ஆற்றங்கரையில் நடப்போம், வீட்டுக்குள் மட்டும் வரமாட்டாள். நான் கேட்பதும் இல்லை. மனைவியை அதற்குப் பிறகு கோர்ட்டில் மட்டும்தான் கண்டேன். அக்கா தொழிலை விட்டுவிட்டார் என்று கேள்வி. அவரை நினைத்தால் இன்றும் கால் வலிக்கிறது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். கோபமும் உண்டு, என் மகள் உயிரோடு நடந்து வருவதைப் பார்க்கும்போதெல்லாம் அவரைக் கையெடுத்துக் கும்பிடவும் தோன்றுகிறது.

அன்று சொன்னபடி அக்கா ஒரு கிழமை கழித்து வந்தார். நான் வேலைக்குப் போகாமல், காலை நீட்டி வைத்துக்கொண்டு வீட்டிலேயே கிடந்தேன். அக்கா சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு, மாவை மிதிக்காமல் சுவரோரமாக வந்து குந்தியிருந்தார். பகல்தான், ஆனாலும் டோர்ச்சை அடித்து, சாமான் அறையிலிருந்து முன்கதவு வரைக்கும் ஆறுதலாகப் பார்த்தார்.

"ஒண்டு," என்றார். "பெருசு. இடது காலை இழுத்து நடக்குது. கதவடி வரைக்கும் போய்ப் போய்த் திரும்பி வந்திருக்கு. வேற தடமே இல்லை."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் எழுந்து, நகரசபைப் படிவத்தை மேசையில் வைத்து, எலி இல்லை என்ற கட்டத்தில் புள்ளடி போட்டு, கையெழுத்து வைக்கச் சொன்னார். வைத்தேன். போகிற போக்கில் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"இனிக் கூட்டலாம். தும்புத்தடி எங்க கிடக்கெண்டு தெரியுமோ?"

ஏழு வருஷம் இருந்த வீட்டில் எனக்கு அது தெரியவில்லை.